பென்ஷன் சிப்பாய்களின் ஊர்: கிதர்பூரிலிருந்து சுனார் வரை

பெஹாலாவில் குடியிருக்கும் நமக்கு டயமண்ட் ஹார்பர் ரோடுதான் ராஜபாட்டை. ஆபீசுக்கும், லேக் மார்க்கெட்டில் வாழையிலையும் கறிவேப்பிலையும் வாங்கவும், ஹவுராவில் ரயில் ஏறவும் அந்தச் சாலையை விட்டால் நமக்குக் கதி கிடையாது. டிராம் போன காலம் மலையேறிவிட்டது. ஜோகாவிலிருந்து தாராதலா வரை 2022 டிசம்பரிலும், மாஜேர்ஹாட் வரை 2024 மார்ச்சிலும் மெட்ரோ வந்துவிட்டது. மாஜேர்ஹாட் பாலத்தைத் தாண்டி வடக்கே போனால் கிதர்பூரில் செயின்ட் தாமஸ் பள்ளிக்கூடம் வரும். நம் குடும்பத்துப் பிள்ளைகள் சிலர்கூட அங்கே படித்திருக்கலாம். அந்த வளாகத்துக்குள் இருக்கும் பழைய மாளிகைக்குக் கிதர்பூர் ஹவுஸ் என்று பெயர். அதன் கதையைத் தேடிக்கொண்டு போனால், கங்கையின் மேல்புறத்தில் காசிக்கும் அப்பால் உள்ள ஒரு சிறிய ஊரில் கொண்டுபோய் விடுகிறது. கதையின் ஒரு கிளை நம் திருவள்ளூர்ப் பக்கமும், இன்னொரு கிளை எழும்பூருக்கும் போகிறது. ஆகவே நம் பத்திரிகையில் இதை எழுதலாம் என்று தோன்றியது.

மாளிகை முதலில் ரிச்சர்ட் பார்வெல் என்ற கம்பெனி அதிகாரியுடையது. வாரன் ஹேஸ்டிங்ஸின் ஆலோசனைச் சபையில் அவர் பக்கமே கை தூக்கியவர். 1790இல் இது வங்காள ராணுவ அனாதைச் சங்கத்தின் கைக்கு வந்தது. மேஜர் கிர்க்பாட்ரிக் என்பவரின் முயற்சியால் 1780களின் தொடக்கத்தில் ஏற்பட்ட சங்கம் அது. இறந்துபோன ஆபீசர்களின் பிள்ளைகளுக்குக் கிதர்பூர் ஹவுசில் ‘மேல்’ பள்ளி, சாதாரண வெள்ளைச் சிப்பாய்களின் பிள்ளைகளுக்கு அலிப்பூரில் ‘கீழ்’ பள்ளி. அனாதைகளிலும் மேல் கீழ் உண்டு என்பதைக் கம்பெனிக்காரர்களுக்கு நாம் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை!

கிதர்பூர் ஹவுசின் நடன விருந்துகள் அந்தக் காலக் கல்கத்தாவில் பேர்போனவை. வளர்ந்த பெண்களை அலங்கரித்து நிறுத்துவார்கள். மனைவி தேடும் ஆபீசர்கள் வந்து ஆடிப் பார்த்துவிட்டுப் பெண் கேட்பார்கள். அலிப்பூர்ப் பள்ளியில் அந்த ஆடம்பரமும் இல்லை. தன் தளபதியிடம் நன்னடத்தைச் சீட்டு வாங்கிக்கொண்டு வரும் சிப்பாய்க்குப் பெண்ணைக் காட்டுவார்கள். அவ்வளவுதான் முகூர்த்தம். நம் ஊர்ப் பெண் பார்க்கும் சடங்கில் பஜ்ஜி சொஜ்ஜியாவது உண்டு.

இந்தப் பிள்ளைகள் யார்? தகப்பன் இங்கிலாந்திலிருந்தோ அயர்லாந்திலிருந்தோ கப்பலேறி வந்த சிப்பாய். தாய் பெரும்பாலும் இந்தியப் பெண், அல்லது இதுபோன்ற கலப்புக் குடும்பத்திலேயே பிறந்தவள். தகப்பன் செத்தால் பிள்ளை ‘அனாதை’. தாய் உயிரோடு இருப்பது கணக்கில் வராது. சிறு வயதிலேயே பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்துக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிடுவார்கள். பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளில் தகப்பன் பெயர், அவன் பட்டாளம், பதவி எல்லாம் தெளிவாக இருக்கும். தாயின் இடத்தில் ‘சுதேசிப் பெண்’ என்று மட்டும் எழுதியிருப்பது சகஜம். சில இடங்களில் அதுவும் இருக்காது.

சரி, சாகாமல் பிழைத்த சிப்பாய் என்ன ஆனான்? அவனுக்காகத்தான் சுனார்.

கோட்டைக்குக் கீழே ஒரு ஊர்

காசிக்குப் போன நம்மவர்கள் பலர் சுனாரை ரயில் ஜன்னலிலிருந்து பார்த்திருப்பார்கள். முகல்சராய்க்கும் (2018 முதல் பண்டிட் தீனதயாள் உபாத்யாயா சந்திப்பு) மிர்ஜாப்பூருக்கும் நடுவே, ஹவுரா-தில்லி பிரதான பாதையில் உள்ள ஸ்டேஷன். கங்கைக் கரையில் ஒரு பாறைக்குன்று, அதன் தலையில் கோட்டை. குன்று ஒரு பாதத்தின் வடிவில் இருப்பதால் சரணாத்ரி என்ற பெயரும் உண்டு. அசோகச் சக்கரவர்த்தியின் தூண்களுக்கு வேண்டிய மணற்கல் சுனார் கல்தான். ஷேர் ஷா, ஹுமாயூன், அக்பர் எல்லோரும் இந்தக் கோட்டைக்காக அடித்துக்கொண்டவர்கள். 1764இல் ஆங்கிலேயர் தாக்கித் தோற்று, அடுத்த ஆண்டு பிடித்தார்கள். 1781இல் காசிராஜா சேத்சிங்கைக் கைது செய்யப் போய் உயிருக்கே ஆபத்து வந்தபோது வாரன் ஹேஸ்டிங்ஸ் ஓடி ஒளிந்ததும் இங்கேதான். இந்த ராஜா கதைகளைச் சரித்திரப் புத்தகத்தில் யாரும் படித்துக்கொள்ளலாம். நமக்கு வேண்டியது கோட்டைக்குக் கீழே இருந்த சின்ன வீடுகளின் கதை.

வங்காளப் படையில் வயதாகியோ, காயப்பட்டோ, காய்ச்சலில் உடைந்தோ போன ஐரோப்பியச் சிப்பாய்களை வைக்கக் கம்பெனி தேர்ந்தெடுத்த இடங்களில் முக்கியமானது சுனார். படைக் கணக்கில் அவர்கள் ‘இன்வாலிட்’. கொஞ்சம் தெம்புள்ளவர்கள் இன்வாலிட் பட்டாளத்தில் சேர்ந்து கோட்டைக் காவல் பார்த்தார்கள். அதற்கும் முடியாதவர்கள் பென்ஷன் வாங்கிக்கொண்டு சும்மா இருந்தார்கள்.

பாரிஸில் பதினான்காம் லூயி 1670இல் தொடங்கிய இன்வாலிட் மாளிகையும், லண்டனில் இரண்டாம் சார்லஸ் 1682இல் தொடங்கிய செல்ஸி ஆஸ்பத்திரியும் இதே காரியத்துக்கு ஏற்பட்டவைதான். செல்ஸியில் சிவப்புக் கோட்டுப் போட்ட கிழவர்களை இன்றும் பார்க்கலாம். ஆனால் செல்ஸி ஒரு மடம் மாதிரி. ஒவ்வொருவருக்கும் ஒரு சிறிய அறை, பொதுவான சாப்பாட்டுக்கூடம். சுனாரில் அப்படியில்லை. இங்கே சிப்பாய்க்குக் குடும்பம் இருந்தது. மனைவி, அவள் தாயார், பிள்ளைகள், ஆடு, கோழி, வாசலில் ஒரு புடலங்கொடி என்று அது ஊராகவே ஆகிவிட்டது.

பணி முடிந்தபின் அவன் ஏன் சீமைக்குத் திரும்பவில்லை என்ற கேள்விக்கு, நம் சங்கத்தில் பாதிப் பேர் பதில் சொல்லிவிடுவார்கள். ரிடையர் ஆனபின் கும்பகோணத்துக்கோ பாலக்காட்டுக்கோ திரும்பிப் போவதா, இங்கேயே பெஹாலாவில் ஒரு பிளாட் வாங்கிக்கொண்டு இருந்துவிடுவதா என்று வருஷக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பவர்கள் நாம். பிள்ளைகள் பெங்காலியில் சண்டை போடுகிறார்கள், ஊரில் நம்மைத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். அந்தச் சிப்பாய்க்கும் அதே நிலைதான். இருபது வருஷத்துக்கு முன் விட்டுவந்த கிராமத்தில் அவனை யாருக்கும் அடையாளம் தெரியாது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கப்பலில் ஐந்தாறு மாதம் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்திய மனைவியைக் கம்பெனி தன் செலவில் கப்பலேற்றாது. போனால் தனியாகப் போக வேண்டும். போகாதவர்கள் சுனாரில் இருந்தார்கள். கோட்டையடியில் கல்லறைத் தோட்டத்திலும் இடம் பிடித்தார்கள்.

பணம் எங்கிருந்து வந்தது

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஐரோப்பியச் சிப்பாய்களின் பென்ஷனுக்கு வேர் ஒரு வங்காள நவாபின் உயில். பிளாசிக்குப் பின் ராபர்ட் கிளைவ் அரியணையில் ஏற்றிய மீர் ஜாபர் 1765இல் இறந்தபோது, கிளைவுக்கு ஐந்து லட்சம் ரூபாய் எழுதிவைத்தார். இனாம் வாங்கக் கூடாது என்று கம்பெனி தடை போட்டிருந்த சமயம். கிளைவ் அந்தப் பணத்தைக் கம்பெனியிடமே ஒப்படைத்து, 1770இல் ஒரு தர்ம நிதியாக்கினார். ஊனமுற்ற ஆபீசர்கள், சிப்பாய்கள், அவர்களுடைய விதவைகள் ஆகியோருக்குப் பென்ஷன் தர ‘லார்டு கிளைவ் நிதி’ இப்படித்தான் பிறந்தது.

விதவைகள் என்றால் ஐரோப்பிய விதவைகள். சுனாரில் முப்பது வருஷம் அவனுக்குச் சோறு பொங்கிப் போட்டு, காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிய இந்திய மனைவி அந்த நிதியின் கணக்கில் சேரவில்லை. கணவன் மூச்சு நின்ற நாளோடு வீட்டில் வரும்படி நின்றது. வங்காள நவாபின் பணம், வங்காளத்திலோ பீகாரிலோ பிறந்த பெண்ணுக்குக் கிடைக்காது என்ற இந்த நியாயம் எனக்கு இன்னமும் செரிக்கவில்லை.

அந்த நிதி கடைசியில் என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1858இல் கம்பெனியின் ஆட்சி போய் ராணியின் ஆட்சி வந்தது. கம்பெனிக்குத் தனிப்படை இல்லாமல் போனதால் நிதியின் நோக்கமே போய்விட்டது, ஆகவே மூலதனம் எங்களுக்குத்தான் என்று கிளைவின் வாரிசுகள் வழக்குப் போட்டார்கள். லண்டனில் பிரபுக்கள் சபை வரை போய், 1860களில் ஜெயித்தும் விட்டார்கள்.

சுனாரில் கேட்ட இந்துஸ்தானி

1807இல் டேனியல் கோரி என்ற இளம் பாதிரியாரைக் கம்பெனி சுனாருக்கு அனுப்பியது. சிப்பாய்களுக்கு ஆங்கிலத்தில் ஆராதனை நடத்துவது அவர் வேலை. வந்து பார்த்தவருக்கு ஊர் நிலை புரிந்தது. புருஷன்மார் பேசுவது ஆங்கிலம், வீட்டில் நடக்கும் பேச்சோ இந்துஸ்தானி. மனைவிமாருக்கு அவர்கள் பாஷையிலேயே சொல்ல வேண்டும் என்று கோரி முயற்சி எடுத்தார். 1815 வாக்கில் வில்லியம் பவுலி வந்து சேர்ந்தார். இவர் இந்த நாட்டிலேயே பிறந்த கலப்பினத்தவர். அந்தப் பெண்களின் பேச்சு அவருக்கு வேற்றுப் பாஷை இல்லை. சுனாரில் அவருடைய இந்துஸ்தானிச் சபையில் பெரும்பங்கு இன்வாலிட் சிப்பாய்களின் மனைவிமார்தான். 1820களில் அவர் செய்த இந்திப் புதிய ஏற்பாடு கல்கத்தாவில் அச்சாகி வட இந்தியா முழுதும் பரவியது. மதம் எதுவானாலும் ஆகட்டும். ஞாயிற்றுக்கிழமை தோறும் எதிரே உட்கார்ந்து கேட்ட அந்தப் பெண்களின் காது அந்த மொழிநடைக்கு ஓர் உரைகல்லாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

கோரியை நம் சென்னைக்காரர்கள் அறிவார்கள், பெயரைக் கேட்டால். 1835இல் சென்னையின் முதல் பிஷப்பாக வந்து, 1837இல் அங்கேயே காலமானவர் இவர்தான். பாரிமுனைப் பக்கம் பிஷப் கோரி பள்ளி இவர் பெயரில் நிற்கிறது.

இன்னொரு திருச்சி சம்பந்தமும் உண்டு. கல்கத்தா பிஷப் ரெஜினால்ட் ஹீபர் 1824இல் படகில் கங்கை வழியாக வடக்கே பயணம் போனபோது சுனாரில் இறங்கினார். இன்வாலிட் சிப்பாய்களைப் பார்த்தார். கோட்டைக்குள் கடுங்காவலில் இருந்த மராத்தியப் பேஷ்வாவின் மந்திரி திரிம்பக்ஜி டேங்களேயையும் பார்த்துத் தம் பயண நூலில் எழுதிவைத்தார். அடுத்த சுற்றுப்பயணத்தில் தெற்கே வந்தவர், 1826 ஏப்ரல் 3ஆம் தேதி திருச்சிக் கோட்டைப் பக்கம் குளிக்க இறங்கிய தொட்டியிலேயே உயிர்விட்டார். திருச்சி பிஷப் ஹீபர் கல்லூரி இவர் பெயர் கொண்டது.

வண்டிச் சக்கரம் போல

கிதர்பூர், அலிப்பூர், சுனார் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு சுற்று தெரிகிறது. சிப்பாய் வீட்டுப் பிள்ளை படகேறி அலிப்பூர்ப் பள்ளிக்கு வருகிறது. பெண்ணானால் வளர்ந்து இன்னொரு சிப்பாய்க்கு வாழ்க்கைப்படுகிறாள். அவன் பட்டாளம் போகும் ஊரெல்லாம் போகிறாள். அவன் தளர்ந்தபின் சுனார். அவன் இறந்தால் அவள் பிள்ளைகளுக்கு மறுபடி அலிப்பூர்.

ஆண் பிள்ளைக்கு வழி இன்னும் குறுகல். 1786இல் கிதர்பூர்ப் பள்ளிப் பிள்ளைகளைப் படிப்புக்காகச் சீமைக்கு அனுப்பக் கூடாது என்று லண்டன் டைரக்டர்கள் உத்தரவிட்டார்கள். 1791இல் தாயோ தகப்பனோ இந்தியராக உள்ள எவருக்கும் கம்பெனியின் சிவில், ராணுவ, கப்பல் உத்தியோகம் கிடையாது என்று கதவைச் சாத்தினார்கள். 1795இல் படையில் முரசு கொட்டவும், குழல் ஊதவும், பாண்டு வாசிக்கவும், குதிரைக்கு லாடம் அடிக்கவும் மட்டும் இடம் என்றார்கள். தகப்பன் துப்பாக்கி பிடித்த பட்டாளத்தில் மகன் முரசு கொட்டிக்கொண்டு முன்னால் நடந்தான்.

சிலர் அச்சுத்தொழிலுக்குப் போனார்கள். ‘மிலிட்டரி ஆர்பன் பிரஸ்’ என்ற முத்திரையோடு கல்கத்தாவில் எத்தனையோ புத்தகங்கள் வந்தன. பழம்புத்தகப் பிரியர்கள் காலேஜ் ஸ்ட்ரீட்டில் கையில் எடுத்தால் முதல் பக்கத்தின் அடியைப் பாருங்கள்.

நம் பக்கத்தில்

தெற்கே சென்னைப் படைக்கும் இதே பிரச்சினை, ஏறக்குறைய இதே ஏற்பாடு. திருவள்ளூரை அடுத்த திருப்பாசூர், வாசீஸ்வரர் கோயில் உள்ள பாடல் பெற்ற தலம். தரிசனத்துக்குப் போனவர்கள் நம்மில் பலர். அங்கே ஒரு கோட்டையும் இருந்தது. 1781இல் ஹைதர் அலியின் ஆட்களிடமிருந்து சர் அயர் கூட் அதைப் பிடித்தார். பிறகு அந்த ஊர் இளம் ராணுவ மாணவர்களின் பயிற்சி இடமாகவும், அதன்பின் ஐரோப்பியப் பென்ஷன்காரர்களும் அவர்கள் குடும்பங்களும் வாழும் இடமாகவும் ஆயிற்று. ஆங்கிலேயர் வாயில் அது ‘டிரிப்பசூர்’. தேவாரம் பெற்ற ஊரில் சோல்ஜர் வீட்டுச் சட்டைக்காரப் பிள்ளைகள் கோலி விளையாடியிருப்பார்கள். பல்லாவரத்திலும் இப்படிப் பென்ஷன் குடும்பங்கள் இருந்தன.

அலிப்பூர்ப் பள்ளிக்கு ஈடாகச் சென்னையில் எழும்பூர் அசைலம். 1789இல் அதற்குத் தலைவராக வந்தவர் ஆண்ட்ரூ பெல். வாத்தியார்கள் சரியில்லை, சம்பளம் பத்தவில்லை என்று தவித்தவர், நம் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். சட்டாம்பிள்ளை சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் வழக்கத்தையும் கைக்கொண்டு, எட்டு வயதுப் பையனை வைத்தே கீழ் வகுப்பை நடத்திக் காட்டினார். 1797இல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டதும் ‘மதராஸ் முறை’ என்று இங்கிலாந்து முழுதும் பரவியது. திண்ணை வாத்தியாருக்கு அதில் ஒரு பங்கு கிடைத்ததாகத் தெரியவில்லை. 1870களில் அந்த அசைலம் நீலகிரியில் லவ்டேல் லாரன்ஸ் பள்ளியோடு சேர்ந்தது. பழைய எழும்பூர்க் கோட்டை இருந்த இடத்தில் 1908இல் ரயில் நிலையம் வந்தது. நாம் விடிகாலையில் போட் மெயிலுக்கும் பாண்டியனுக்கும் சாமான் தூக்கிக்கொண்டு நின்ற இடம் அது.

தமிழ், தெலுங்குச் சிப்பாய்களுக்குச் சென்னைப் படையில் வேறொரு வழக்கம் இருந்தது. அவர்கள் குடும்பத்தோடு பட்டாளத்தின் பின்னாலேயே போவார்கள். சிப்பாய் தூரதேசம் போனால் சம்பளத்தில் ஒரு பங்கு ஊரில் மனைவிக்குப் போய்ச் சேரும். சிப்பாய்களின் மகன்களைச் சிறு உதவித்தொகை கொடுத்துப் ‘பென்ஷன் பையன்கள்’ என்று பட்டாளக் கணக்கிலேயே வைத்துக்கொள்வார்கள். வெள்ளைச் சிப்பாயின் இந்திய மனைவிக்கு இல்லாத பாதுகாப்பு, இந்தியச் சிப்பாயின் மனைவிக்கு ஓரளவாவது இருந்தது!

1857

மீண்டும் சுனார். 1857 ஜூன் மாதம் அலகாபாத்தில் கிளர்ச்சி மூண்டது. கங்கையும் யமுனையும் கூடும் இடத்தில் உள்ள கோட்டையில் ஐரோப்பியப் படை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. ஆகவே சுனாரிலிருந்து சுமார் அறுபது இன்வாலிட் பீரங்கிக்காரர்களை வரவழைத்தார்கள். பென்ஷன் வாங்கிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்த கிழவர்கள் பீரங்கிக்குப் பக்கத்தில் போய் நின்றார்கள். சீக்கியப் படையும் அவர்களுமாகக் கோட்டையைக் கைவிடாமல் வைத்திருந்தார்கள். பிறகு வந்த கர்னல் நீல் அலகாபாத்தில் செய்த அட்டூழியங்கள் தனிக் கதை.

அந்தச் சில நாட்கள் சுனாரில் அந்த வீடுகளில் எப்படிக் கழிந்திருக்கும் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. புருஷன் கிளர்ச்சிக்காரர்களுக்கு எதிரே பீரங்கியோடு நிற்கிறான். மனைவியின் அண்ணன் தம்பியோ சுற்றுவட்டாரக் கிராமத்தில் எந்தப் பக்கம் என்று தெரியாமல் இருக்கிறான். வெளியே போனால் பிரிட்டிஷ்காரன் பெண்டாட்டி, உள்ளே போனால் ‘சுதேசிப் பெண்’. இரண்டு பக்கமும் அவளை நம்பியிருக்குமா?

ராணியின் ஆட்சி வந்தபின் கம்பெனியின் ஐரோப்பியப் பட்டாளங்கள் பிரிட்டிஷ் ராணுவத்தில் கலந்தன. 1860களில் ரயில் வந்தது, சூயஸ் கால்வாய் 1869இல் திறந்தது. சிப்பாய் சில வருஷம் வேலை பார்த்துவிட்டுச் சுலபமாகச் சீமைக்குத் திரும்ப முடிந்தது. சுனாருக்குப் புது ஆள் வருவது நின்றது. கலப்புக் குடும்பத்துப் பையன்களுக்கு ரயில்வேயும் தந்தியும் வேலை கொடுத்தன. வடக்கே முகல்சராயும் அலகாபாத்தும், தெற்கே பெரம்பூரும் அரக்கோணமும் ஆங்கிலோ-இந்தியர் ஊர்களாக வளர்ந்த காலம் அது. பென்ஷன்காரர்கள் ஒவ்வொருவராகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போக, ஊர் தானாகவே கரைந்தது. கோட்டை பின்னர் சிறுவர் சீர்திருத்தப் பள்ளியாகி, சுதந்திரத்துக்குப் பிறகு மாநில ஆயுதப் போலீசின் பயிற்சி இடமாயிற்று.

அடுத்த முறை காசிக்குப் போகும் அன்பர்கள் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். காசியிலிருந்து சுனார் நாற்பது கிலோமீட்டருக்குள்தான், காலையில் கிளம்பினால் மாலை ஆரத்திக்குத் திரும்பிவிடலாம். கடைத்தெருவில் மெருகிட்ட மண்சாமான்கள் பார்த்து வாங்கலாம். கோட்டையைப் பார்த்தபின் கீழே இறங்கி ஐரோப்பியக் கல்லறைத் தோட்டத்துக்கும் போங்கள். சுனார் கல்லிலேயே வெட்டிய பலகைகள், ஆகையால் எழுத்து பல இடங்களில் இன்னும் நிற்கிறது. பெயர், பட்டாளம், வயது எல்லாம் படிக்கலாம். எந்தக் கல்லிலாவது மனைவியின் பெயரும் இருந்தால் குறித்துக்கொண்டு வந்து நம் பத்திரிகைக்கு எழுதுங்கள்.